பஞ்சு மாதிரி இருக்கணும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் அண்ணி சொல்லிவிடுவார். சுவருக்கு வண்ணம் அடிப்பது என் தொழில். ஏணியிலிருந்து விழுந்து வலது முட்டியை உடைத்துக்கொண்ட பிறகு, கொஞ்ச காலம் ஏணி இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணம் ஆகாதவனை யார் பார்த்துக்கொள்வது? அண்ணன் வந்து என்னையும் என் பெட்டியையும் வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அதே சமயத்தில் அண்ணிக்குப் பிரசவ விடுமுறை முடிந்தது. அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஐந்து மாதக் குழந்தையை யாரிடம் விடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் பார்வை என்மேல் விழுந்தது.

"இவன்தான் சும்மா இருக்கானே."

"நான் ஒண்ணும் சும்மா இல்ல. கால் ஒடஞ்சு கெடக்கேன்."

"கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

மறுநாள் காலை அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் குழந்தையைப் பார்த்துவிட்டு மனசே இல்லாமல் படி இறங்கினார்.

குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளைக் கடைச்சரக்கு மாதிரி இறுக்கிச் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எனக்கு அவள் பொட்டலம். கடையில் விற்கும் டயபரைப் போட்டால் பொட்டலத்துக்குத் தொடை இடுக்கெல்லாம் சிவந்து தடித்துவிடும். பருத்தித் துணியே கட்டுங்கள் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருந்தார். அந்தத் துணிக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பேர். ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அண்ணன் அதை நாப்கின் என்பான். அண்ணிக்கு அது வெறும் துணி. நான் கோவணம் என்று சொல்லப்போக, "என் பொண்ணுக்குக் கோவணமா?" என்று அண்ணி சண்டைக்கே வந்துவிட்டார்.

முட்டியை மடக்கித் தரையில் உட்கார என்னால் முடியாது. அதனால் சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பொட்டலத்துக்கு ஒதுக்கி, போர்வையை நாலாக மடித்துப் போட்டேன். நின்றபடியே சதுரத் துணியை முக்கோணமாக மடித்து, நடுவில் இன்னொரு துணியைப் பட்டையாக வைத்து, இரண்டு நுனியை இடுப்புக்குக் கொண்டுவந்து, மூன்றாவதைக் கால் நடுவே மேலே இழுத்து ஊக்கு மாட்டுவேன். மாட்டும்போது என் விரலை உள்பக்கம் கொடுத்துக்கொள்வேன், குத்தினால் என்னைக் குத்தட்டும் என்று. முதல் நாள் நான் கட்டியது, அவளைத் தூக்கியதுமே நழுவி என் காலில் விழுந்தது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, ஜன்னல் சட்டத்துக்கு வண்ணம் அடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு நேராக ஓரம் வந்ததில்லை.

அவளும் நானும் ஒத்துப்போய்விட்டோம். அந்த வீட்டுச் சுவரைப் பார்த்து, எந்தக் குருடன் அடித்தான் இதை என்று நான் கத்தினால் பொட்டலம் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பாள். என் கோபத்தைப் பார்த்து ஓடியவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். சிரித்த முதல் ஆள் அவள்தான். எனக்கு அவள் என்றால் உயிர் என்று ஆகிவிட்டது.

துவைப்பது மட்டும் அண்ணன் பங்கு. அண்ணி வீட்டில் இருந்தவரை அவரே துவைத்தார். அவர் வேலைக்குத் திரும்பிய அன்றே, "துணியை எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் வாங்கிக்கொண்டான். நான் அலசிப் பிழிந்து வைத்ததை விடிவதற்கு முன்னே எடுத்துப் போவான். மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு அங்கே இயந்திரத்தில் துவைத்து, உலர்த்தி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துக் கொண்டுவருவான். கன்னத்தில் வைத்தால் எடுக்க மனசு வராது, அவ்வளவு மெத்தென்று, அவ்வளவு வாசனையாக இருக்கும். "பஞ்சு மாதிரி இருக்கணும்டா" என்பான். அவன் கிளம்பும்போதும் குழந்தை தூங்கும், திரும்பும்போதும் தூங்கும். விடுமுறை நாளில் ஆசையாகத் தூக்கினால் யாரோ புது ஆள் என்று உதட்டைப் பிதுக்கும். அந்த அடுக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கும்போதுதான் அவன் முகத்தில் அப்பன் களை வரும்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு ஈரம் ஆரம்பித்தது.

புதுத் துணி கட்டித் தூக்கிய சற்று நேரத்துக்குள் அவள் கால் வழியாக வழியும். அவள் சட்டை நனையும், போர்வை நனையும், என் சட்டையும் நனையும். ஊக்கை இறுக்கிப் பார்த்தேன். பட்டையை இரண்டாக்கினேன், மூன்றாக்கினேன். இடுப்பில் மூட்டை கட்டிய மாதிரி ஆனதுதான் மிச்சம்.

அண்ணி வேலையிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் குழந்தையைத் தூக்குவார். அன்றும் தூக்கினார்.

"தம்பி, எப்ப மாத்தினீங்க?"

"இப்பதான் அண்ணி. நீங்க படி ஏறும்போது."

அண்ணி நனைந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பொய் சொல்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நானும் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்திருப்பேன். அவர் சொல்லாமல் போய் வேறு துணி எடுத்துவந்தார்.

அடுத்த வாரம் தொடை இடுக்கில் சிவப்பு திரும்பி வந்தது. அதோடு கடையிலிருந்து போனும் வர ஆரம்பித்தது. "தம்பி, மாத்தினீங்களா?" மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் பல் விளக்கினாயா என்று கேட்பது போல. பல்லைக் கடித்துக்கொண்டு மாத்தினேன், மாத்தினேன் என்பேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "மாத்திக்கிட்டேதான் இருக்கேன், வேற வேலை என்ன இருக்கு எனக்கு?" என்று கத்திவிட்டேன். எப்போதும் சிரிக்கும் பொட்டலம் அன்று பார்த்து வீறிட்டாள். அண்ணி போனை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் எனக்கே பயம் வந்தது. நாள் முழுக்கக் கூட இருந்தும் ஒரு குழந்தையின் புண்ணை என்னால் தடுக்க முடியவில்லையே, எனக்கு இதெல்லாம் வராதோ என்று. அண்ணனிடம் சொல்லலாம் என்றால், வந்ததும் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடுவான்.

வாரக் கடைசியில், மறுநாள் இருவருக்கும் விடுமுறை என்ற சாயங்காலம், அண்ணி என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ரெண்டு தெரு தள்ளி ஒரு அக்கா பிள்ளைங்களைப் பாத்துக்கறாங்க. போய்ப் பாத்துட்டு வந்தேன். ஒரு எடம் காலியா இருக்காம். நாளைக்குள்ள சொல்லணும்னாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து அங்க விட்டுடலாம்னு இருக்கேன்."

"என்னால முடியலன்னு சொல்றீங்களா?"

"உங்க மேல கோபம் இல்ல தம்பி. உங்க முட்டிக்கும் ஓய்வு வேணும்ல."

அந்த முட்டியை அவர் இழுக்காமல் இருந்திருக்கலாம். கோபப்பட்டால் திருப்பிக் கோபப்படலாம், கரிசனத்தை என்ன செய்வது? சரி என்று தலையை ஆட்டிவிட்டு நான் எழுந்து போனேன். எனக்கு அழவேண்டும் போல இருந்தது. நாற்பது வயது ஆம்பளை கோவணம் கட்டிவிடக் குழந்தை இல்லை என்று அழுதான் என்றால் ஊர் சிரிக்கும்.

காலையில் பொட்டலம் மேஜையில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரைக்காக நான் வைத்திருந்த டம்ளரை ஒரே உதையில் கவிழ்த்தாள். கைக்குக் கிடைத்தது அண்ணன் மடித்துவைத்த அடுக்கில் மேலே இருந்த துணி. அதைப் போட்டுத் துடைத்தேன்.

தண்ணீர் துணிக்குள் போகவில்லை. துணிக்கு முன்னால் ஓடியது. இந்தப் பக்கமிருந்து தள்ளினால் அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து தள்ளினால் இந்தப் பக்கம். கடைசியில் எனக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு மேஜை விளிம்பு வழியாகத் தரையில் கொட்டியது. நான் வேறொரு துணியை விரித்து, மிச்சம் இருந்த தண்ணீரை விரலால் தொட்டுச் சொட்டினேன். சொட்டு சொட்டாக அப்படியே நின்றது, பட்டும் படாமலும். எண்ணெய்ப் புகை ஏறிய அடுப்பங்கரைச் சுவரில் தண்ணீர் தெளித்தால் இப்படித்தான் நிற்கும். அந்தச் சுவரில் வண்ணமும் ஒட்டாது.

"அண்ணே! எழுந்து வா! அண்ணி, நீங்களும் வாங்க!"

நான் போட்ட கூச்சலில் அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். அண்ணி பாதி பின்னிய தலையோடு ஓடிவந்து முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என்னை முறைத்தார்.

"இதுல என்னத்த ஊத்துற?" என்று அண்ணன் முன்னால் துணியை நீட்டினேன்.

"எதுல?"

"இந்தத் துணியில. சோப்பு போட்டு அலசினதுக்கப்புறம் என்ன ஊத்துற?"

"கடைசி அலசல்ல கண்டிஷனர், துணி மெத்துனு வர்றதுக்கு. விரிப்பு, தலையணை உறைக்கெல்லாம் ஊத்துறதுதான். இதுக்கு மட்டும் ஒண்ணுக்கு ரெண்டா ஊத்துவேன்." பெருமையாகத்தான் சொன்னான்.

"ஓட்டல்ல துண்டுக்கு ஊத்துவீங்களா?" என்று கேட்டேன்.

அண்ணன் வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான். சொட்டுகள் துணியின் மேல் உருண்டுகொண்டிருந்ததைப் பார்த்தான்.

"துண்டுக்கு ஊத்த மாட்டோம்" என்றான். "ஊத்த ஊத்தப் படிஞ்சு, அது தண்ணி இழுக்காது."

மூன்று வாரமாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்த வசனம் ஒன்று இருந்தது. பார்த்தீர்களா, நான் சொன்னேனா இல்லையா என்று தொடங்கி நீளமாகப் போகும். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.

"இதுவும் துண்டு மாதிரிதான்னு எனக்குத் தோணவே இல்லடா" என்றான். "எம்பொண்ணு கட்டுற துணின்னுதான் தோணிச்சு. அவ முழிச்சிருக்கும்போது நான் இல்ல. நான் தொட்டது ஏதோ ஒண்ணு அவ மேல மெத்துனு இருக்கட்டும்னு நெனச்சேன். அதுவே புண்ணாக்கிடுச்சே."

அண்ணி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, டம்ளரில் தண்ணீர் பிடித்துவந்து தானே ஒரு துணியில் ஊற்றிப் பார்த்தார். இன்னொன்றிலும் ஊற்றினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க மாத்திக்கிட்டேதான் இருந்திருக்கீங்க" என்றார் என்னிடம். அது கேள்வியாக இல்லை.

அன்று பகல் முழுக்க வீட்டில் அடுப்பு அணையவில்லை. அண்ணன் பெரிய பாத்திரத்தில் துணிகளைப் போட்டுக் கொதிக்கவைத்தான், வடித்தான், புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் கொதிக்கவைத்தான். தண்ணீரின் மேல் நுரை வந்துகொண்டே இருந்தது. நானும் கிண்டுகிறேன் என்றதற்குக் கரண்டியைத் தரமாட்டேன் என்றுவிட்டான். நுரை நின்ற பிறகு ஒவ்வொன்றாகப் பிழிந்து பால்கனிக் கொடியில் போட்டான். வெயில் நன்றாக அடித்தது. காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். விழுந்த இடத்திலேயே சொட்டு உள்ளே போனது. துணிகள் சொரசொரவென்று, கொடியில் போட்ட மடிப்புக் கலையாமல் விறைத்து நின்றன. அண்ணன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"குத்துமோ?" என்றான்.

"நனையாம இருந்தா எல்லாம் சுகமாத்தான் இருக்கும்" என்றார் அண்ணி.

"நான் கட்டட்டுமா?"

நான் நகர்ந்து நின்றேன். ஓட்டல் படுக்கை விரிக்கிற மாதிரி நாலு மூலையையும் இழுத்து இழுத்து அவன் மடித்ததில் நேரம்தான் போனது. பொட்டலம் அவனை உற்றுப் பார்த்தபடி படுத்திருந்தாள். உதட்டைப் பிதுக்கலாமா வேண்டாமா என்று அவள் யோசித்தது தெரிந்தது. பிதுக்கவில்லை. ஊக்கைப் போடும்போது விரலை உள்ளே கொடு என்று நான் சொன்னேன், அவன் கொடுத்தான், குத்திக்கொண்டான், ஆ என்றான், அவள் சிரித்தாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் துணியைத் தொட்டவன், அவள் சட்டையைத் தொட்டான், தன் மடியைத் தொட்டுப் பார்த்தான்.

"துணி நனைஞ்சிருக்கு. சட்டை நனையலடா!" என்று கத்தினான். எங்கள் குடும்பத்தில் கத்தல் எனக்கு மட்டும் சொந்தமில்லை.

வேறு துணி மாற்ற நான் அவளை வாங்கிக்கொண்டேன். அண்ணி போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

"அக்கா, எடம் வேண்டாம்க்கா. வீட்டுல ஆள் இருக்கு… அவ சித்தப்பா." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமா, ஆம்பளைதான்." மறுபடியும் ஏதோ கேட்டார்கள். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். பார்வையை எடுக்காமலே சொன்னார்: "இல்லக்கா, அவர் நல்லாத்தான் பாத்துக்கிட்டார். குழந்தை அவரை நம்பிக்கிட்டுதான் இருந்தா. நான்தான் நம்பல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத் துணியோடு அவளை இரண்டு கையிலும் ஏந்தியிருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.