மொட்டை வால்

லாசரஸ் அண்ணன் செய்த கார் நாற்பத்தெட்டு கிலோ. பைபர் உடம்பு, மூன்று சைக்கிள் சக்கரம், பழைய மொபெட் இன்ஜின். பெட்ரோலுக்குத் தொட்டி கிடையாது. கோடு போட்ட குளுக்கோஸ் பாட்டில் ஒன்று தலைகீழாகத் தொங்கும். ஒரு லிட்டரில் அதிக தூரம் ஓடும் வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை கிண்டியில் போட்டி. நூறு கிலோமீட்டர் தாண்ட வேண்டும் என்று அண்ணன் ஆறு மாதமாக வேலைக்கும் போகவில்லை.

ஓட்டுவது அவர் மனைவி மெட்டில்டா அண்ணி. வீட்டில் அவர்தான் எடை குறைவு. எனக்கு உள்ளே தலை இடித்தது.

என் வேலை நூல். கார் மேல் எங்கும் சிவப்புக் கம்பளி நூலை ஒட்டி, ஓடும்போது பார்த்து நோட்டில் வரைய வேண்டும். காற்று வழுக்கிப் போகும் இடத்தில் நூல் படிந்திருக்கும். சுழலும் இடத்தில் துடிக்கும். துடிக்கிற இடம் பெட்ரோலைத் தின்னும் என்பார் அண்ணன்.

முடிச்சூரில் மனை போட்ட வயல்களுக்கு நடுவே புதுத் தார் ரோடு. ஒரு வீடுகூட வரவில்லை. விடிந்ததும் அண்ணி காரில் போவார். அண்ணன் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே வருவார். பின்சீட்டில் நான்.

கார் பின்னால் கூராக முடிய வேண்டும். ஷெட் நீளம் போதாமல் அண்ணன் மொட்டையாக நிறுத்தியிருந்தார். அந்த விளிம்பில் நூல்கள் கன்னாபின்னாவென்று ஆடியிருக்க வேண்டும். ஆடவில்லை. முழ நீள நூல்கள் பின்னுக்கு நீட்டி, எதன் மேலோ படிந்து வளைந்திருந்தன. அப்படியே வரைந்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்த ஆளின் முதுகு வந்தது.

அண்ணனிடம் காட்டினேன். அவர் பாட்டிலைத்தான் பார்த்தார்.

"சுழலே இல்லியா? தொண்ணூத்தி ரெண்டு குடுத்துகீது பாரு! மொட்டையாவே இப்டின்னா, வாலு வச்சா நூத்திப்பத்து!"

ஷெட் சுவரை இடித்து, புதன்கிழமை நீள வால் ஒன்றை ஒட்டினார்.

வியாழன் காலை பாதி ரோட்டில் அண்ணி நிறுத்தி இறங்கிவிட்டார்.

"என் பின்னால யாரோ ஒக்காந்துகினு கீறாங்க."

"உனக்கே எடம் பத்தல," அண்ணன் சிரித்தார். "டிக்கெட் வாங்கினாங்களா கேளு."

"சிரிக்காதீங்க. கழுத்துல மூச்சு வுடுது. ஜில்லுனு."

வெள்ளிக்கிழமை கார் மதகில் மோதியது. பிரேக் மிதிக்கப் போன காலை வேறொரு கால் அழுத்திக்கொண்டிருந்ததாம். அண்ணியின் பாதத்தின்மேல் ஐந்து விரல் நீலமாகப் பதிந்திருந்தது. கல் பட்டிருக்கும் என்றார் அண்ணன்.

"ஞாயித்துக்கெழம ஏறாதீங்க அண்ணி," என்றேன்.

"அவரு மூஞ்சியப் பாத்தியா பாப்பா? நான் ஏறலன்னா யாரு ஏறுவா? இந்தத் தடவ மதகு. அடுத்த தடவ இன்னாவோ."

சனிக்கிழமை மதியம் இருவரும் டியூப் வாங்கத் தாம்பரம் போனார்கள். நான் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் நான் வரைந்த முதுகுக்கு உட்கார வெளியே, மொட்டை விளிம்பில், ஓர் இடம் இருந்தது. அண்ணன் அதை அடைத்துவிட்டார். அதனால்தான் உள்ளே வந்துவிட்டது.

வாலை அறுக்க ஆக்ஸா பிளேடை எடுத்தேன். கார் உருண்டது, வால் ஆடியது, பிளேடு வழுக்கிக் கையைக் கிழித்தது. மூன்றாவது முறை வைத்தபோது வால் ஆடவில்லை. உள்ளிருந்து யாரோ இறுக்கிப் பிடித்துக்கொண்டதுபோல நின்றது. அறுத்து முடித்ததும் துண்டு விழவில்லை. மெதுவாகத் தரையில் இறங்கியது.

அண்ணன் வந்து தொண்டை வறளக் கத்தினார். மறுபடி ஒட்ட நேரமில்லை. கடைசியில் வெட்டின விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"தனியா அறுத்தா கோணிக்கினு போவும். இது நேரா கீது. யாரு புடிச்சிக்கினாங்க?"

அண்ணி என் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு காரில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார்.

"காலியா கீது," என்றார்.

மறுநாள் தொண்ணூற்று நாலு வந்தது. பரிசு இல்லை. அண்ணி காயமில்லாமல் இறங்கினார். எங்களிடம் வர, வண்டியின் பின்பக்கமாகச் சுற்றுவதுதான் கிட்டம். அவர் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.