தேறிவிட்டதாகச் சொன்னவர்

இருபத்திரண்டு வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததில் அவருக்குப் பெயரே மாஸ்டர் என்று ஆகிவிட்டது. மனைவியின் உறவுக்காரர்கள்கூட போனில் "மாஸ்டர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். ஐம்பத்தாறாவது வயதில் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். பிறகு செய்த ரத்தப் பரிசோதனையில் நோயின் சுவடே இல்லை. டாக்டர் கைகுலுக்கினார். மனைவி ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டாள்.

சிறுநீர் கொஞ்ச நாளைக்குக் கட்டுக்குள் நிற்காது, தாம்பத்தியம் பழையபடி திரும்ப நாளாகலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உயிர் பிழைத்தால் போதும் என்று கையெழுத்துப் போட்ட அன்று அது எதுவும் மாஸ்டரின் காதில் ஏறவில்லை.

வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், அவரிடம் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் ரவுண்டானாவில் பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. சிறுநீரை உறிஞ்ச உள்ளே வைத்திருந்த பேட் தாங்கவில்லை. ஈரம் தொடைவரை இறங்குவது அவருக்குத் தெரிந்தது. பாடம் முடிய இன்னும் இருபது நிமிடம். வருகைப் பதிவு ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இடது பக்கம் இண்டிகேட்டர் போடுங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவள் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். மறுநாள் ஆபீஸுக்குப் போன் செய்து வேறு ஆசிரியர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதுகு வலி என்று சொல்லி மாஸ்டர் வீட்டோடு இருந்துவிட்டார். வெளியூரில் படிக்கும் மகளின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். தன் துணிகளைக் குளியலறையில் தானே அலசினார். மனைவி தோளில் கை வைத்தால், ஏதோ ஞாபகம் வந்ததுபோல எழுந்து போய்விடுவார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு நாள் போன் செய்தாள். இதே சிகிச்சை எடுத்துக்கொண்ட ஆண்கள் சனிக்கிழமை காலையில் ஆன்லைனில் கூடிப் பேசுகிறார்களாம். மனநல ஆலோசகர் ஒருவர் நடத்துகிறாராம். எட்டு வாரம்.

"நான் என்ன பைத்தியமா?" என்றார் மாஸ்டர்.

"வீட்டுக்குள்ள உக்காந்து பேசப்போறீங்க. யாரும் உங்களக் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க," என்றாள் மனைவி.

மகளின் பழைய லேப்டாப்பில்தான் சேர்ந்தார். கேமராவை அணைத்து வைத்திருந்ததால், அவருடைய கட்டத்தில் மகளின் செல்லப்பெயர் மட்டும் தெரிந்தது.

"புஜ்ஜின்னு ஒருத்தர் வந்திருக்கீங்க, வணக்கம்," என்றார் ஆலோசகர்.

"பேரு நல்லாத்தான் இருக்கு," என்று ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் சிரித்தார். மாற்றத் தெரியாததால் மாஸ்டர் புஜ்ஜியாகவே இருந்தார்.

அன்று முதலில் பேசியவர் ஒரு தையற்காரர். ஒல்லியான மனிதர், கடையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "பேன்ட்டுக்கு அளவெடுக்கக் குனிஞ்சாப் போதும், நனைஞ்சிடுது. வீட்டுக்காரி பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு. உங்களுக்கெல்லாம் எப்படி?"

தன் நெஞ்சில் இருந்ததை யாரோ வெளியே எடுத்துப் போட்டதுபோல இருந்தது மாஸ்டருக்கு. தன் முறை வந்தபோது, "எனக்கு அந்த மாதிரி எதுவும் இல்லீங்க. ரெண்டே மாசத்துல சரியாயிடுச்சு. வீட்லயும் பழையபடிதான்," என்றார்.

தையற்காரரின் முகம் மலர்ந்தது. "எப்படிங்க சார்?"

"தினமும் நல்லா நடக்கணும். எல்லாம் மனசுலதான் இருக்கு. மனச விடக்கூடாது."

தையற்காரர் துணி அளவு எழுதும் நோட்டில் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்தடுத்த வாரங்களிலும் அவர் கேட்டார், மாஸ்டரும் கூசாமல் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் தான் தேறிய மனிதனாக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கவும் தொடங்கினார்.

ஐந்தாம் வாரம் தையற்காரர் வரவில்லை. ஆறாம் வாரமும் வரவில்லை. அவருடைய சம்மதத்தோடு, அவர் அனுப்பிய செய்தியை ஆலோசகர் படித்துக் காட்டினார்.

"எல்லாரும் தேறிட்டீங்க. புஜ்ஜி சார் சொன்னதையெல்லாம் செஞ்சு பாத்தேன். என் மனசுதான் சரியில்ல போலிருக்கு. உங்க மூஞ்சியில முழிக்க வெக்கமா இருக்கு. இனி நான் வரல."

மாஸ்டருக்குக் காது மடல்கள் கொதித்தன. பொத்தானை அழுத்திக் கூட்டத்தைவிட்டு வெளியேறினார்.

துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி, "அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றாள்.

"நெட் போயிடுச்சு."

சொன்ன பிறகுதான், அதுவும் பொய் என்பது அவருக்கு உறைத்தது. மூச்சு விடுவதுபோல அவ்வளவு இயல்பாக வந்திருந்தது. அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தையற்காரரைப் பற்றிச் சொன்னார். காருக்குள் நடந்ததைச் சொன்னார். எதற்காக வேறு அறைக்குப் போனார் என்பதைத் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"முதுகு வலின்னு ரெண்டு மாசமாத் தைலம் வாங்கிக் குடுத்தேனே, அதுவும் பொய்யா?"

"பொய்தான்."

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். "என்னைப் பிடிக்காமத்தான் ஒதுங்குறீங்கன்னு நெனச்சேன். நான் என்ன தப்புப் பண்ணேன்னு தினம் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

அப்படி ஒன்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தன்னைப் பற்றிக் கூசிக் குறுகியதில், பக்கத்தில் இருந்தவளை அவர் பார்க்கவே இல்லை. தையற்காரர் விஷயத்தைவிட இது அவரை அதிகமாகக் குத்தியது.

"மொதல்ல அந்த மனுஷன்கிட்ட உண்மையச் சொல்லுங்க," என்றாள். "என்கிட்ட அப்புறம் பேசலாம்."

மாஸ்டர் கேட்டுக்கொள்ள, ஆலோசகர் எடுத்துச் சொன்னதில், அடுத்த சனிக்கிழமை பத்து நிமிடம் வர தையற்காரர் ஒப்புக்கொண்டார். மாஸ்டர் கேமராவைப் போட்டார். நரைத்த தாடியோடு தன் முகம் திரையில் வந்ததும் பேச்சு தடுமாறியது. "நான் சொன்னது எதுவும் உண்மை இல்லீங்க. எனக்கு ஒண்ணும் சரியாகல. தினமும் ஒழுகுது. வேலைக்குப் போயே ரெண்டு மாசமாச்சு. பொண்டாட்டி பக்கத்துல போறதில்ல."

தையற்காரர் அளவு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "உங்க பேச்சக் கேட்டு தினம் நாலு கிலோமீட்டர் நடந்தேன். நடக்க நடக்க இன்னும் ஜாஸ்தியாச்சு. என் மேலதான் கோளாறுன்னு நெனச்சு, கடையப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருந்தேன்," என்றார்.

"மன்னிச்சிடுங்க."

"அது அப்புறம். இருமினா வருதா உங்களுக்கு?"

"வருது."

"சிரிச்சா?"

"வருது. தும்மினாக் கேக்கவே வேணாம்."

தையற்காரர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. தபால் அதிகாரி தொண்டையைச் செருமினார். "நானும் போன மாசம் சரியாயிடுச்சுன்னு சொன்னேன்ல? அதுல பாதி பொய்."

பத்து நிமிடத்துக்கு வந்தவர் முழுநேரமும் இருந்தார். எட்டாம் வாரமும் வந்தார். ஆனால் மாஸ்டரை அதன்பிறகு அவர் 'சார்' என்று அழைக்கவில்லை, மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. கேட்க மாஸ்டருக்கும் வாய் வரவில்லை.

இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியை ஆஸ்பத்திரியில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். கொஞ்சம் பலன் இருந்தது. படுக்கை மனைவியின் அறைக்குத் திரும்பியது. கட்டிலுக்கு ரப்பர் விரிப்பை அவள்தான் வாங்கி வந்தாள். மற்றது திரும்பவில்லை. திரும்புமா என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

பயிற்சிப் பள்ளி மேனேஜரிடம் அவரே போய்க் காரணத்தைச் சொல்லி, அரை நாள் வேலை கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"சரி மாஸ்டர். மணிக்கொரு தடவ பாத்ரூமுக்கு வண்டிய ஆபீஸ் பக்கம் விடச் சொல்லுங்க. ரிவர்ஸ் எடுக்கப் பழகுறாங்கன்னு எழுதிக்கலாம்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். மேனேஜரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, பாடத்துக்காகக் காத்திருந்தவரிடம் போனார்.