எண்ணாமல் விட்ட மூன்று நாள்

எனக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிர் இருந்ததே, அதை எந்தச் சூளையில் போட்டு எரிப்பது? ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாவிடம் ஆயா வேலை பார்த்தேன். அவருக்குத் தமிழ் அரைகுறை. அவர் சொல்வதை ஊர்ப் பெண்களுக்கு எடுத்துச் சொல்வது இந்த அன்னபுஷ்பம்தான்.

எழுபத்தெட்டில் பென்னலூரிலிருந்து கிளியம்மாள் வந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம், வயிறு திறக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் உண்டாகாவிட்டால் அவள் தங்கை சரோஜாவையே புருஷன் எல்லப்பனுக்குக் கட்டி வைப்பதாக மாமியார் சொல்லிவிட்டாளாம்.

டாக்டரம்மா கரு பிடிக்க மாத்திரை எழுதினார். தூரமான ஐந்தாம் நாள் தொடங்கி, ஐந்து நாள், தினம் ஒன்று. புருஷனையும் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொன்னார். வெளியே வந்ததும் கிளியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய உக்கார்ற மூணு நாளையும் சேத்து எண்ணணுமாக்கா?"

"அடிப் போடி! தீட்டு நாளை எவளாவது கணக்குல வெப்பாளா? தலைக்கு ஊத்திக்கினு வூட்டுக்குள்ள வர்றியே, அதான் மொத நாளு."

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள்; எங்கள் வீட்டில் தீட்டெல்லாம் பார்ப்பதில்லை. ஆனால் இந்தப் பக்கத்துப் பெண்கள் நாள் சொன்னால் குளித்த நாளிலிருந்துதான் சொல்வார்கள். டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்கிறார் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். இன்னொரு தரம் கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

ஆறு மாதமும் ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். உடம்பு தீயாய்க் காந்துகிறது என்பாள், தலை சுற்றுகிறது என்பாள், ஆனாலும் நிறுத்தவில்லை. எல்லப்பன் மட்டும் வரவேயில்லை. கேட்டால் கம்பெனியில் ஓ.டி. கீதாம்.

ஆறாவது மாதமும் தூரமானதும் அழுதுகொண்டே வந்தாள். டாக்டரம்மா தேதிகளைக் கேட்டு எழுதிப் பார்த்தார். எழுதுகிற கை நின்றது. மாத்திரை எல்லாம் மூன்று நாள் பிந்திப் போயிருக்கிறது, அப்படிப் போட்டால் எப்படிப் பலிக்கும் என்று கத்தினார். அது நான் சொல்லிக் கொடுத்த கணக்கு.

கிளியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "நான்தான் தப்பா எண்ணிட்டேம்மா," என்றாள்.

என் பிழைப்பு போய்விடக் கூடாதென்று அவள் சொன்ன பொய் அது. பாவி, நான் பேசாமல் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பென்னலூருக்கு நடந்தேன். அங்கே பந்தல்கால் நட்டாகிவிட்டது. மாமியார் பாப்பம்மாளிடம், "தப்பு எம்மேலதான். இன்னும் மூணு மாசம் பொறுங்க, உங்க புள்ளையையும் ஒருக்கா டாக்டராண்ட அனுப்புங்க," என்று கெஞ்சினேன்.

"எம்புள்ளைக்கு இன்னாடி கொறை? ஆம்பளையை ஆஸ்பத்திரிக்கு இட்டாரச் சொல்றியா? வெளக்குமாறு பிஞ்சிடும், போ!"

எல்லப்பன் அங்கேதான் இருந்தான். தலை நிமிரவில்லை. வந்த வழியே திரும்பினேன். டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். இவ்வளவு லேசாக முடியும் என்றால் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே.

இரண்டு வருஷம் கிளியம்மாளைப் பார்க்கவில்லை. ஒரு வியாழக்கிழமை வந்தாள். கூடவே சரோஜா, கழுத்தில் மஞ்சள் கயிறு, இடுப்பில் பிள்ளை இல்லை.

"இவளுக்கும் ஒண்ணும் நிக்கலக்கா. அந்த மாத்திரையே வாங்கிக் குடு. இந்தத் தரம் நான் எண்ணிக் குடுக்குறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அந்த ஆளை இட்டுக்கினு வாடி மொதல்ல! கொறை அவங்கிட்டதான் கீதுன்னு இன்னுமா தெரியல?"

"தெரியும்க்கா," என்றாள் கிளியம்மாள். சரோஜாவின் கையை விடவில்லை. "மாத்திரை முழுங்குற வரைக்கும் பொறுத்துக்குவாங்க. அத்தச் சொன்னா மூணாவதா ஒருத்தியைக் கொண்டாருவாங்க. எனக்கு இன்னொரு தங்கச்சியும் கீறா."