வேகாத முட்டையும் வெடித்த சுவரும்

கரீம் பாய் வீட்டுப் புதுச் சுவர் சம்பந்தியின் டீயில் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. முழுச் சுவரும் விழுந்துவிடவில்லை. கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு துணுக்குதான். ஆனால் விழுந்த நேரமும் இடமும்தான் சரியில்லை. மகள் ருக்ஷானாவைப் பெண் பேச வந்த திருக்கோவிலூர்க்காரர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகிறார். தலைக்கு மேலே 'டப்' என்று ஒரு சத்தம். டீயில் 'சளக்' என்று இன்னொரு சத்தம். மனிதர் ரொம்ப மரியாதைப்பட்டவர். அதை ஒரு விரலால் எடுத்துத் தட்டின் ஓரமாக வைத்துவிட்டு, "சக்கர சரியா கரையல போலக்குது" என்றார்.

வந்தவர்கள் போனதும் மெஹ்ராஜ் பேகம் அண்ணாந்து பார்த்தார். ஹால் சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது. "ஊருக்கெல்லாம் செவுத்துப் பூச்சு மாவு விக்கறீங்க. நம்ம வூட்டு செவுரு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?" என்று கணவரைக் கேட்டார். கரீம் பாயிடம் பதில் இல்லை. பதில் இல்லாத மனிதர்கள் யாராவது ஆளைத் தேடுவார்கள். அவரும் தேடினார், மறுநாள் காலையில் தனுஷா கிடைத்தாள்.

கச்சிராயபாளையம் ரோட்டில், கல்வராயன் மலை பக்கத்தில் நிற்பது போலத் தெரியும் இடத்தில் இருந்தது பாயின் கம்பெனி. அங்கே சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றி, மாவாக்கி, காய்ந்த மணலோடு கலந்து, மூட்டை கட்டுகிறார்கள். கொத்தனார் மூட்டையைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் போதும், சுவரில் பூசலாம். நீற்றுகிற மெஷின் தனுஷாவின் பொறுப்பு. மணலூர்பேட்டைப் பெண், ஐடிஐ படித்தவள், இருபத்துமூன்று வயது. நொறுக்கின கல் ஒரு பக்கமாக நீள உருளைக்குள் போகும். மேலிருந்து தண்ணீர் பீச்சும். உள்ளே கத்திகள் சுழன்று கிளற, கல் கொதித்து, உப்பி, ஆவியைக் கக்கி, பதினைந்து நிமிஷத்தில் மறுபக்கம் பவுடராக வெளியே வரும். தண்ணீர் கூடினால் களியாகிவிடும். குறைந்தால் வேகாத துணுக்கு தங்கிவிடும். அது பிற்பாடு சுவரில் ஈரம் குடித்து உப்பி, பூச்சைத் தெறிக்கவிடும். அந்தத் தண்ணீர்க் குழாயின் திருகைத் தனுஷா பிடிக்கிற பக்குவம் வேறு யாருக்கும் வரவில்லை. அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்றும் சொல்லலாம்.

"தண்ணி கம்மியா வுட்டுருக்கற. வேகாத சுண்ணாம்பு செவுத்துக்குப் போயிருக்குது" என்றார் கரீம் பாய். "சம்பந்தி டீயில வுழுதும்மா எங்க வூட்டு செவுரு! நாளையிலருந்து நீ வராத. ஜுல்பிகர் பாத்துக்குவான்."

ஜுல்பிகர் பாயின் அக்கா மகன். மெஷினை 'மிக்ஸி' என்பான். ஒருமுறை உள்ளே ஈரச் சுண்ணாம்பு நிரம்பியிருக்கும்போதே மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவன், ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினான். இறுகிப்போனதைக் கடப்பாறையால் கொத்தி எடுக்கத் தனுஷாவுக்கு இரண்டு நாள் ஆனது. அவன் கையில் தன் மெஷினா? தனுஷாவுக்கு அழுகை வரவில்லை. குழாயின் திருகில் வைத்த கையை எடுக்காமலே பேசினாள்.

"நான் தண்ணி சரியாதாங்க வுட்டேன். சூடு சரியா இருந்தாதான் கல்லு வேகும். சுண்ணாம்புலயே சூடு வரலிங்க."

"சூடு வரலியா? மீட்டரப் பாரு. தொண்ணூத்தெட்டு காட்டுது!"

"பாய், மெஷின் இப்ப ஓடலிங்க."

கரீம் பாய் திரும்பிப் பார்த்தார். மெஷின் குளிர்ந்துபோய்ச் சும்மா நின்றது. மீட்டர் மட்டும் தொண்ணூற்றெட்டில் கம்பீரமாக இருந்தது.

"இத ஏன் சொல்லல?"

"ஆனி மாசமே சொன்னேங்க. 'கரெக்டாதான காட்டுது, அத ஏன் நோண்டுற'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னது நினைவுக்கு வந்ததும் பாய்க்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. "அப்ப மீட்டரும் இல்லாம, சூடு வரலன்னு ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சிது? தொட்டுப் பாத்தியா?"

அங்கேதான் தனுஷா மாட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த விதம் வெளியே சொல்லக்கூடியதில்லை. 'மெஷின் பக்கம் திங்கக்கூடாது' என்று பாயே கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது.

விஷயம் இதுதான். உருளையின் மேல்மூடி நன்றாகக் கொதிக்கும். மெஷின் வந்த புதிதிலேயே, மூட்டை தைக்கிற பச்சையம்மாள் அந்தச் சூடு வீணாகப் போவதைப் பார்த்து மனம் நொந்தாள். மூடிக்கும் ஆவிக் குழாய்க்கும் நடுவில் ஒரு பழைய டின்னைச் செருகி, தண்ணீர் ஊற்றி, ஆறு முட்டையை வைத்தாள். கால் மணியில் முட்டை வெந்தது. அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்குக் கம்பெனியில் ஆறு பேருக்கு ஆறு முட்டை. பாய் ஆபீஸ் அறையில் இருப்பார். இவர்கள் மணல் குவியலுக்குப் பின்னால் இருப்பார்கள்.

நடுவில் ஒரு சங்கடம் வந்தது. சில நாள் முட்டை வேகவே இல்லை. பச்சையம்மாள் யோசித்தாள், யோசித்துவிட்டு நேராக முட்டைக் கடை அய்யனாரிடம் சண்டைக்குப் போனாள். "கெட்டுப்போன முட்டயக் குடுத்து ஏமாத்தறியா?" என்று கேட்டாள். அய்யனார் லேசுப்பட்ட ஆள் இல்லை. "எந்தத் தேதி முட்ட வேகல? தேதியோட வா, அப்பறம் பேசிக்கலாம்" என்றார். பச்சையம்மாளும் விடவில்லை. மாவு சேர்கிற இரும்புக் குதிருக்குப் பின்னாலிருந்த சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு, வெந்தால் வட்டம், வேகாவிட்டால் பெருக்கல் என்று நாள் தவறாமல் குறித்தாள். கடையையும் மாற்றினாள். மலையிலிருந்து வரும் பெண்களிடம் நாட்டுக்கோழி முட்டையாக வாங்கிப் பார்த்தாள். மலை முட்டையும் அதே நாட்களில் வேகவில்லை. அப்போதும் அவள் கோழியைத்தான் சந்தேகப்பட்டாள். இத்தனை பேர் இருந்தும் சுண்ணாம்பை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனுஷாவும் கேட்கவில்லை. வாய் நிறைய முட்டை இருக்கும்போது எதைக் கேட்பது?

நேற்று சுவர் வெடித்த கதை காதுக்கு வந்த பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அதைச் சொன்னால் முட்டை போகும். ஆறு பேர் மானமும் போகும். சொல்லாவிட்டால் மெஷின் போகும்.

பச்சையம்மாள் பின்னாலிருந்து அவள் முழங்கையைக் கிள்ளினாள். தனுஷா அதைப் பொருட்படுத்தவில்லை.

"முட்ட வேகலிங்க, பாய்" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டின்னைக் காட்டினாள். குதிருக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சுவரையும் காட்டினாள். வட்டங்களுக்கு நடுவே பெருக்கல்கள் இரண்டிரண்டாக நின்றன. திங்கள், செவ்வாய், மறுபடி திங்கள், செவ்வாய்.

"எங்க வூட்டுக்கு மாவு அரைச்சது ஜூலை பதினஞ்சு" என்று முனகினார் பாய். அந்தத் தேதிக்கு நேரே ஒரு பெருக்கல் இருந்தது. பச்சையம்மாள் ஆத்திரத்தில் அதை இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை வருகிற கல் லோடு சூளைக்காரர் வெங்கடேசனுடையது, இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மிச்ச நாளெல்லாம் ஓடுவது வியாழக்கிழமை வருகிற வேறொரு சூளைச் சரக்கு. அன்றைக்கும் திங்கட்கிழமைதான், வெங்கடேசனின் லாரி கேட்டில் நின்றது. வெள்ளைச் சட்டையும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக அவரும் உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டார்.

"முட்டய வச்சா பாய் சுண்ணாம்பு டெஸ்ட் பண்ணுவாங்க?" என்று சிரித்தார். "நம்ம சரக்கு முப்பது வருஷ சரக்கு. இந்தப் பொண்ணு தண்ணி வுடத் தெரியாம வுட்டுட்டு, முட்ட மேல பழி போடுது."

கரீம் பாய் தாடியைத் தடவினார். அவருக்கும் அது நியாயமாகப்பட்டது போலிருந்தது. தனுஷா முன்னால் வந்தாள்.

"அப்ப மெஷினே வேணாங்க" என்றாள். "ரெண்டு இரும்பு பக்கெட்டு. ஒண்ணுல வியாழக்கெழம கல்லு, ஒண்ணுல இவுரு கல்லு. ஒரே எடை, ஒரே தண்ணி. தண்ணிய அவுரே ஊத்தட்டும். நான் கையே வெக்கல."

பச்சையம்மாள் அன்றைய ஆறு முட்டையை மனசில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். மூன்று மூன்றாகத் தண்ணீர் டின்னில் போட்டு, கல்லுக்கு நடுவில் புதைத்தார்கள். வெங்கடேசன் இரண்டிலும் ஒரே அளவாய்த் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினார். வியாழக்கிழமைப் பக்கெட் உடனே சீறிக்கொண்டு புகைந்தது. எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். வெங்கடேசனின் பக்கெட் ஏதோ யோசனையில் இருந்தது. அவ்வப்போது ஒரு குமிழி விட்டது. பாய் செல்போனில் பதினைந்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்தார். கல் மெஷினுக்குள் இருக்கிற நேரம் அதுதான்.

செல்போன் அடித்தது. முதல் பக்கெட் முட்டையைத் தட்டினார்கள். கெட்டியாக வெந்திருந்தது. வெங்கடேசன் தன் பக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டினார். அது அவர் கைவழியே மணிக்கட்டு வரைக்கும் போனது.

"இது ஆஃப் பாயிலு" என்றார் சற்றும் அசராமல்.

"ஆஃப் பாயில தோசக்கல்லுலதான் போடுவாங்க, அண்ணே" என்றாள் பச்சையம்மாள்.

"சிலருக்கு இப்பிடித்தான் புடிக்கும்."

"அப்ப சாப்புடுங்க" என்றார் கரீம் பாய்.

வெங்கடேசன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். லாரி டிரைவரும் கிளீனரும் கூட இறங்கி வந்து நின்றிருந்தார்கள். முப்பது வருஷ சரக்கின் மானம் உள்ளங்கையில் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி உறிஞ்சி விழுங்கினார். "ருசியாதான் இருக்குது" என்றார்.

பாய் இரண்டாவது முட்டையைத் தானே எடுத்துத் தட்டினார். கோழி போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதை வெங்கடேசன் முன்னால் நீட்டினார்.

"அவசரப்படாதீங்க பாய்!" வெங்கடேசன் இரண்டு கையையும் தூக்கினார். "நம்ம சரக்கு நல்லா சுட்ட சரக்கு. மத்தவன் சுண்ணாம்பு மாதிரி பொசுக்குனு பொங்கி அடங்கிப்போவாது. நின்னு வேகும். மூணாவது முட்டய அப்பிடியே வுட்டுட்டு நாளைக்கு வந்து பாருங்க, கல்லு மாதிரி வெந்திருக்கும்."

தனுஷா காத்துக்கொண்டிருந்தது இதற்காக இல்லை. ஆனால் வந்ததை விடுவாளா?

"மெஷினுக்குள்ள பதினஞ்சு நிமிஷந்தாங்க நிக்கும்" என்றாள். "மீதி எங்கிங்க நின்னு வேகும்?"

வெங்கடேசன் சட்டைப்பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்தார்.

"எங்க வூட்டு ஹால்ல" என்றார் கரீம் பாய் மெதுவாக. "அங்க நின்னுதான் வேவுது. டப்பு டப்புனு."

லாரி வந்த வழியே திரும்பிப் போனது. மூன்றாவது முட்டையை வெங்கடேசன் கையில் கொடுத்தனுப்பினார் பாய். நாளைக்கு வெந்ததும் சொல்லச் சொன்னார்.

பிறகு தனுஷா பக்கம் திரும்பினார். அவள் தலைக்கு மேலிருந்த காகிதத்தை ஒருமுறை படித்தார். தான் எழுதியதைத் தானே படிக்கும்போது மனிதர்களுக்கு வருகிற ஒரு முகம் அவருக்கும் வந்தது.

"நாளைக்கு எட்டு மணிக்கு மெஷினாண்ட இரு. புது மீட்டர் வாங்கியாந்து போட்டுர்லாம்."

தனுஷாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. பாய் பக்கெட்டில் மிச்சமிருந்த வெந்த முட்டை ஒன்றை எடுத்து, குதிரின் காலில் தட்டி, உரித்து, பாதியைக் கடித்தார்.

"உப்பு இருக்குதா?"

எல்லோர் கண்ணும் பச்சையம்மாள் பக்கம் போனது. கடைசியில் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே காகிதப் பொட்டலம். உப்பும் மிளகுத்தூளும் அளவாகக் கலந்து, பல நாள் பழக்கத்தில் நன்றாக மடித்தது. பாய் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன மாசமா நடக்குது இது?"

"மெஷின் ஓட ஆரம்பிச்ச மறுநாள்லருந்துங்க" என்றாள் தனுஷா.

"தெனமும் பதினோரு மணிக்கு அந்த ரூம்ல நான் ஒண்டியா ஒக்காந்து பிஸ்கோத்து தின்னுக்கினு இருக்கறன்" என்றார் கரீம் பாய். "ஒரு நாளு, ஒருத்தராச்சும், 'பாய், இந்தாங்க'ன்னு ஒரு முட்ட குடுக்கணும்னு தோணுச்சா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே மனிதருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வேலை போகிறது என்றபோதுகூடத் தலைநிமிர்ந்து நின்ற தனுஷா, இப்போது வெட்கத்தில் குனிந்தாள். இன்னொரு முட்டையை உரித்து, உப்பு தொட்டு, அவர் கையில் வைத்தாள்.

வாங்கிக்கொண்டு இரண்டடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"ஜுல்பிகருக்கு மட்டும் சொல்லாதீங்க" என்றார். "அவன் தெனமும் ரெண்டு கேப்பான்."