மூன்று புள்ளிச் சாவி

பூட்டுக்காரருக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் வராது. வந்தால் ஒரே விஷயத்துக்குத்தான் வரும்: அவர் வெட்டிய சாவி திறக்கவில்லை என்று யாராவது சொல்லிவிட வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அவர் கடையிலிருந்து போன சாவி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒவ்வொரு சாவியின் தலையிலும் தன் அடையாளமாக மூன்று புள்ளி குத்தித்தான் அனுப்புவார்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் நீதிமன்றத்தில் ஏறி, தன் சாவி சொத்தை என்று சொல்லச் சொன்னார்கள். சொல்லச் சொன்னது வேறு யாருமில்லை, கட்டிய மனைவி.

மனைவியின் தம்பி ஒரு நாற்காலிக் கிடங்கில் சுமை தூக்குகிறவன். பத்து வருஷமாக ஊரிலுள்ள முதலாளிகளுக்கெல்லாம் சுழல் நாற்காலியை மாடியேற்றிக் கொடுத்தவன், ஒன்றில்கூட உட்கார்ந்து சுற்றியதில்லை. ஆசை யாரை விட்டது? ஒன்றை வீட்டுக்கே தள்ளிக்கொண்டு போய்விட நினைத்தான். மேலாளர் கேட்டதாகப் பொய் சொல்லி, கிடங்குச் சாவிக்கு மாமாவான பூட்டுக்காரரிடமே நகல் வெட்டி வாங்கினான். ஒரு விடுமுறை நாள், பட்டப்பகலில், கிடங்குப் பூட்டில் அதை நுழைத்தான். எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த காவலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். பயல் கொஞ்ச நேரம் சிலையாக நின்றான். பிறகு சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். காவலாளி கூப்பிட்டதும் ஓடி, நிறுத்தியிருந்த சைக்கிளில் தடுக்கி விழுந்து அகப்பட்டான்.

சாவி சேரவில்லை, அதனால் விட்டுவிட்டுப் போனான் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். திருட்டு முயற்சி என்று வழக்கு. "நானாத்தான் திரும்பினேன்" என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுடைய வக்கீலே சிரித்தார்.

வக்கீலின் கணக்கு வேறு. "திறக்காத சாவியை வச்சுக்கிட்டு எப்படிங்க திருட முடியும்? ஆகாத காரியத்துக்கு ஏது தண்டனை? சாவி சொத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்."

"என் சாவி திறக்கும்."

"திறக்கும்னு சொன்னா பையன் உள்ள போயிடுவான்."

வழக்கு நாள் காலையில் மனைவி அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே கேட்டாள். "உங்களுக்கு சாவி பெருசா, என் தம்பி பெருசா?"

"தம்பிதான்."

"அப்ப சொல்லிட்டு வாங்க. இல்லேன்னா ஜெயில் வாசல்லயே ஒரு கடையப் போட்டுக்குங்க. இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க."

பேருந்தில் வழி நெடுக 'சொத்தை, சொத்தை' என்று முணுமுணுத்துப் பழகினார். எதிரே இருந்தவர் தன் பல்லைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

கூண்டில் ஏறியதும், வக்கீல் அந்தச் சாவியைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "இது சரியா வெட்டாத சாவிதானே?"

வார்த்தை தொண்டை வரை வந்தது. எதிரே மச்சானின் வாடிய முகம். சாவியின் தலையில் மூன்று புள்ளி.

"அந்தப் பூட்டைக் கொஞ்சம் குடுங்கய்யா" என்றுதான் வாய் சொன்னது.

மேஜைமேல் இருந்த கிடங்குப் பூட்டை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே திருகு. வாயைப் பிளந்தது பூட்டு. வக்கீலும் கூடவே பிளந்தார். பின்னாலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். வீண் ரோஷத்தால் பையனைக் கெடுத்துவிட்டோமே என்று பூட்டுக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வக்கீல் சார், சாவி சொத்தையா இருந்திருந்தா உங்க ஆளுக்கு தண்டனை நிச்சயம். திருட வந்து முடியாம போனவனையும் சட்டம் விடாது, பாதி தண்டனை வரைக்கும் குடுக்கும். சாவியோட குத்தம் திருடனுக்குப் புண்ணியமாகாது."

பிறகு காவலாளியிடம் திரும்பினார். "சாவியை உருவறதுக்கு முன்னாடி கூப்பிட்டீங்களா?"

"இல்லீங்கய்யா. தேநீர் கொதிச்சுது, ஊதிக்கிட்டிருந்தேன். உருவின பிறகுதான் கூப்பிட்டேன்."

"உங்களைப் பார்த்தானா?"

"எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நின்னாங்கய்யா."

"அப்ப திறக்கிற சாவி கையில இருந்திருக்கு, தடுக்கவும் ஆளில்ல. இருந்தும் தானா திரும்பியிருக்கான். அப்படித் திரும்பினவனைத் தண்டிக்க சட்டத்துல இடமில்ல." நீதிபதி பயலைப் பார்த்தார். "ஏன்ப்பா திருகலை?"

"சாவி தலையில மூணு புள்ளி தெரிஞ்சுதுங்கய்யா. திருகினா என்னோட மாமா பேரும் சேர்ந்து கெட்டுடும்னு தோணுச்சு."

நன்றாக நாலு வார்த்தை திட்டிவிட்டு அவனை விடுதலை செய்தார் நீதிபதி.

வெளியே வந்ததும் மனைவி, கசங்கியிருந்த அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பூட்டுக்காரர் மச்சானின் காதைப் பிடித்துத் திருகினார். "பொய் சொல்லியா என்கிட்ட சாவி வாங்கின?"

"தப்புதான் மாமா."

காதை விட்டார். சற்று தூரம் நடந்த பிறகு மெல்லக் கேட்டார். "உள்ள போட்டப்ப எப்படி இருந்துச்சு? இறுக்கமா இருந்துச்சா?"

"வெண்ணெயா போச்சு மாமா."

மறுநாள் கடை திறந்ததும் புள்ளி குத்தும் ஊசியைத்தான் முதலில் தீட்டினார். அன்றிலிருந்து அவர் சாவிகளில் புள்ளிகள் கொஞ்சம் ஆழமாகவே விழுகின்றன.