பின்னிருக்கையின் பாரம்

கதிரவேல் கடலில் காணாமற்போன இருபத்தைந்தாம் நாள், அவன் தம்பி அருளம்பலம் தனியே ஓட்டிச் சென்ற விமானம் இருவர் பாரத்தைச் சுமந்தது. முந்திய மார்கழிச் சூறாவளி சல்லிக் கரைத் தோணிகளில் பாதியைக் கொண்டுபோயிருந்தது; அவனுடையதும் அதில் ஒன்று. அது அறுபத்தைந்தாம் ஆண்டுத் தை மாதம்.

சீனன்குடா விமானத் தளத்தில் இயந்திர வேலை பார்த்த அருளம்பலம், பாலையூற்று வீட்டு வளவில் ஆறாண்டு பாடுபட்டு, மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தி அவ்விமானத்தைச் செய்திருந்தான். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள். தரவைப் புல்வெளியிலிருந்து எழும்பி விரிகுடாவின்மேல் பறக்கையில், கதிரவேல் பின்னாலிருந்து மீன்கூட்டம் பார்ப்பான். பின்னால் ஆள் இருந்தால் வால் தாழ்ந்து மூக்கு நிமிரும். அதைச் சமன்செய்ய வாலின் ஓரத்தில் உள்ளங்கையளவு தகடு ஒன்றும், அதைச் சாய்க்க ஓட்டியின் கையருகே சக்கரம்போல் சிறு சில்லு ஒன்றும் உண்டு, ட்ரிம் என்பார்கள். அருளம்பலம் அதில் கறாரானவன். உயரமும் வேகமும் நிலைத்தபின், பிடிதடியைத் தாங்கியபடியே சில்லை மயிரிழை மயிரிழையாக உருட்டுவான். கையில் இழுப்பு அற்றதும் விரல்களை எடுப்பான். மூக்கு அடிவானத்தில் அசையாது நிற்கும். சில்லில் தனியாளுக்கு வெள்ளைக் கோடு, தமையனோடு போவதற்குச் சிவப்புக் கோடு.

அன்று வெள்ளைக் கோட்டில் மூக்கு நிமிர்ந்தது. இறங்கி வாலைச் சோதித்தான்; பழுதில்லை. அடுத்த மூன்று நாளும் பறந்தான். சிவப்புக் கோட்டில் மட்டுமே, இம்மியும் பிசகாமல், விமானம் நிலைத்தது. திரும்பிப் பார்க்க அவன் துணியவில்லை.

சடலம் கிடைக்காமையால், முப்பத்தோராம் நாள் கன்னியா வெந்நீரூற்றடியில் தர்ப்பையால் உருச்செய்து அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியையை முடிப்பதென உறவினர் தீர்மானித்திருந்தனர். செய்ய வேண்டியவன் அருளம்பலம். அதற்குமுன் கதிரவேலின் மனைவி கோணேஸ்வரி தாலி கழற்ற வேண்டும். அவளோ, சாவைக் கண்டவர் வந்து சொல்லட்டும் என்றிருந்தாள். அந்தப் பாரமே சாவுக்குச் சாட்சி என்று எண்ணிய அருளம்பலம் அவளிடம் போனான்.

“மச்சாள், அண்ணன் பின்னால இருக்கிறார்.”

அவன் சொன்னது அமர்ந்திருப்பதை. அவள் கேட்டது உயிரோடிருப்பதை.

“இருக்கிற மனிசனுக்கு என்னத்துக்குத் தம்பி அந்தியேட்டி?”

“கண்ணால காணேல்லை மச்சாள். பாரம் மட்டுந்தான்.”

“கோணேசர் மலையில இருக்கிறார் எண்டு கும்பிடுறீங்கள். கண்டுபோட்டே கும்பிடுறீங்கள்?”

தன்னையும் ஏற்றிக்கொண்டு போகும்படி அவள் கேட்டாள்.

முப்பதாம் நாட் காலை கோணேஸ்வரி பின்னிருக்கையில் ஏறினாள். சில்லைச் சிவப்புக் கோட்டில் வைத்து எழும்பினான். கொட்டியாரக் குடாவின்மேல் எண்ணூறு அடியில், பின்னால் இன்னொருவர் ஏறியதுபோல், மூக்கு நிமிரத் தொடங்கியது. சில்லை முன்னே உருட்டினான். முடிவுவரை உருட்டியும் போதவில்லை. பிடிதடியை இரு கையாலும் தள்ளினான். வேகம் செத்து, இறக்கைகள் நடுங்கின. இன்னும் சற்றே நிமிர்ந்தால் கடல்தான். அப்போது பின்னாலிருந்து, கணவனுக்குச் சோறு போட்டுவிட்டுப் பேசும் குரலில், கோணேஸ்வரி சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, தம்பிக்கு ஏலாமக் கிடக்கு. கொஞ்சம் முன்னுக்கு இருங்கோ.”

பலகை கிறீச்சிட்டது. அருளம்பலத்தின் பிடரியில் ஈரமூச்சு ஒன்று பட்டது. மூக்கு தாழ்ந்தது. அவன் சில்லை மெல்லப் பின்னுக்கு உருட்டி, இழுப்பு அற்ற இடம் கண்டு விரல்களை எடுத்தான். கட்டைபறிச்சான் வரை விமானம் கை படாமலே நேராகச் சென்றது. இறங்கியபின் சில்லின் அவ்விடத்தில் மஞ்சட் கோடு ஒன்று இட்டான்.

மறுநாள் கன்னியாவில் ஐயர் தர்ப்பையோடு உச்சிவரை காத்திருந்துவிட்டுப் போனார். அரிசிக் கூப்பன் புத்தகத்தில் பெயர் வெட்ட வந்த கிராமசேவகர், கணவர் இருக்கிறாரோ என்று கோணேஸ்வரியிடம் முறைப்படி கேட்டார். இருக்கிறார் என்றாள். அவர் பேனாவை மூடிக்கொண்டார். கூப்பன் முறை நின்ற காலம்வரை சங்கக்கடையில் அவ்வீட்டுக்கு இருவர் அரிசியே அளக்கப்பட்டது. மிஞ்சுகிறது என்று கோணேஸ்வரி ஒருநாளும் சொன்னதில்லை.