நாலாவது வரிசைக்குப் போனவள்

மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாக வீடு கட்டி, அடியில் ஆலையையும் உச்சியில் மேனேஜர் பங்களாவையும் வைத்த மகராசன் யாரோ, அவனுக்கு மனுஷர் மனசு தெரியாது. அங்கே பதவி ஏற ஏற வீடும் ஏறும். ஒருத்தர் எந்த வரிசையில் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், சம்பளத்தைத் தனியாகக் கேட்க வேண்டாம்.

ஃபோர்மேன் மனைவி முதலில் அடிவரிசையில்தான் இருந்தாள். அப்போது அவள் கணவர் வெறும் ஃபிட்டர். பக்கத்து வீட்டில் வெல்டரின் மனைவி. இரண்டு சமையலறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். சங்கு ஊதி ஆண்கள் வேலைக்குப் போனதும், யார் வீட்டில் டீ கொதிக்கிறதோ அவள் கரண்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். மற்றவள் போட்டது போட்டபடி ஓடுவாள். ஊர்வம்பை அலசிக் காயப்போட்டால்தான் இருவருக்கும் சோறு இறங்கும். என்ன சுகமான காலம் அது.

ஃபிட்டர் ஃபோர்மேன் ஆனார். நாலாவது வரிசையில் வீடு கிடைத்தது. சாமான் ஏற்றுகிற அன்று வெல்டர் மனைவி, "மேல போயிட்டா எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமாக்கா?" என்று கேலி செய்தாள். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "உன் வீட்டுக்காரரையும் ஃபோர்மேன் பரீட்சை பாஸ் பண்ணச் சொல்லு, நீயும் மேல வா" என்றாள் இவள். அந்தப் பரீட்சையில் வெல்டர் தோற்றது அப்போதுதான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

அன்றோடு பேச்சு நின்றது. மேலே வீடு பெரிசு, காற்றும் நல்ல காற்று. ஆனால் சமையலறைச் சுவருக்கு அப்பால் யாருமில்லை. பின்வாசலில் நின்றால் கீழே அவள் துணி உலர்த்துவது தெரியும். அவள் நிமிர்ந்தே பார்க்கமாட்டாள். இவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இப்போது ஆலையையே மூடியாயிற்று. மேல்வரிசை கீழ்வரிசை எல்லாரும் இன்று காலி செய்கிறார்கள், ஆளுக்கொரு ஊருக்கு. இன்றைக்கு விட்டால் இனி அவளை எங்கே பார்ப்பது?

லாரியில் சாமான் ஏறும்போதே ஃபோர்மேன் மனைவி கீழே இறங்கி நடந்தாள்.

"எங்க கிளம்பிட்ட? டிரைவர் கத்துவான்" என்றார் கணவர்.

"கத்தட்டும்."

வந்துவிட்டாளே தவிர, வெல்டர் வீட்டு வாசலில் கால் ஏறவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது? பக்கத்தில் இவளுடைய பழைய வீடு காலியாகத் திறந்து கிடந்தது. உள்ளே சமையலறைக்குப் போனாள். கரண்டிக்கு எங்கே போவது? வளையலைக் கழற்றிச் சுவரில் இரண்டு தட்டு தட்டினாள்.

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது.

"இப்பத்தான் வர்றீங்களாக்கா? டீ ஆறிப்போச்சு" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

இவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "அன்னிக்கு நான் பேசினது தப்புடி. ஆறினா என்ன, சுடவச்சுக் குடு."

"அடுப்பையே மூட்டை கட்டியாச்சே."

மேலே லாரி ஹாரன் விடாமல் அடித்தது.

"அது அடிக்கட்டும். நீங்க இங்க வந்து அடுப்பு மூட்டைக் கயித்த ஒரு பக்கம் பிடிங்கக்கா. முடிச்சு அவிழமாட்டேங்குது."